பத்துப் பெண்டாட்டி நீளம்

ஆஸ்பத்திரி வாசலுக்குப் போடும் கூரையைத் தன் பெண்டாட்டியால் அளந்து, மயிரிழை பிசகாமல் வெட்டிக் கொடுத்தவர் இந்தப் பூமியில் தான் ஒருவர்தான் என்பது காலிஞ்சு மாஸ்டரின் கட்சி. பெண்டாட்டியின் உதவியோடு அல்ல. பெண்டாட்டியால். டேப்பால் அளப்பதில்லையா, அதுபோல.

"பத்துப் பொண்டாட்டி நீளம்!" என்பார், இரண்டு கையையும் அகல விரித்து. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், முடி வெட்டுகிறவர், பல் பிடுங்குகிற டாக்டர் என்று இந்தக் கதையிலிருந்து தப்பியவர் யாரும் இல்லை. ராங் நம்பரில் கூப்பிட்ட ஒரு மனிதர் முக்கால் மணி நேரம் கேட்டுவிட்டு, கடைசியில் தான் யாரைக் கூப்பிட வந்தோம் என்பதையே மறந்துபோனாராம்.

கேட்டவர்கள் சிரிப்பார்கள். நம்பமாட்டார்கள். அதில் மாஸ்டருக்கு வருத்தமே கிடையாது. அவருக்கு நெஞ்சில் முள்ளாக இருந்தது ஒரே ஒரு ஆள்தான். பெண்டாட்டியின் தம்பி, அதாவது மச்சான். அன்றைக்குப் பக்கத்திலேயே நின்ற ஆள். பதினோரு வருஷமாக, கதை முடிகிற இடத்தில் சரியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்படி ஒண்ணும் நடக்கலீங்க" என்பான். உடன் நின்றவனே இல்லை என்று சாதித்தால் கதையின் கதி என்ன?

நடந்ததைச் சொல்லிவிடலாம்.

மாஸ்டர் வேலை பார்த்தது கித்தான் பட்டறையில். லாரிக்குப் போடும் மூடுதுணி, கூடாரம், கடை வாசலில் வெயிலுக்கு இழுத்துக் கட்டும் கூரை என்று தடித்த கித்தான் துணியில் என்ன வேண்டுமோ அத்தனையும் அங்கே தைப்பார்கள். மாஸ்டர் வெட்டுகிறவர். அவருடைய மேசையின் இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் இருப்பவருக்கு மறுநாள்தான் கேட்கும், அத்தனை நீளம். மேசைக்கு எதிரே, பத்தடி தள்ளி, பெரிய தையல் மிஷினில் அவர் மனைவி. பட்டறை மொத்தமும் அவளை 'அக்கா' என்றுதான் கூப்பிடும். வயதில் மூத்தவர்களும் அப்படித்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் மிஷின் மேசை உயரமாக இருந்தது. மாஸ்டர் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவளை நிற்க வைத்து அளந்தார். ஐந்தடி மூன்று இஞ்சு. மேசைக் காலில் கால் இஞ்சு அறுத்தார். மறுவாரம் வந்து, "இன்னும் கால் இஞ்சு குறைக்கணும் போலிருக்கே" என்றார். அதற்கு மறுவாரமும் அதே. இப்படி நாலு மாதம். அவள் ஐந்தாவது மாதம் கல்யாணத்துக்குச் சரி என்று சொல்லியிருக்காவிட்டால் மேசைக்குக் காலே மிஞ்சியிருக்காது. காலிஞ்சு என்ற பேர் அப்படி ஒட்டியதுதான்.

மிஷின்கள் ஓடுகிற இரைச்சலில் பேச்சு எடுபடாது. ஆகவே இருவரும் விரலாலும் புருவத்தாலும் பேசிக்கொள்வார்கள். அவள் புருவத்தைத் தூக்கினால் நூல் அறுந்துவிட்டது. உதட்டைப் பிதுக்கினால் டீ வேண்டும். அவர் கட்டைவிரலை மடக்கிக் காட்டினால் ஓரத்தில் கால் இஞ்சு விட்டுத் தைக்க வேண்டும். இருபத்தாறு வருஷம் இப்படியே ஓடிற்று. வீட்டில் வாயால் பேசிக்கொண்டதைவிடப் பட்டறையில் விரலால் பேசிக்கொண்டது அதிகம்.

அப்போதுதான் மீட்டர் வந்து சேர்ந்தது.

மேனேஜரம்மா நல்லவர். வாடிக்கையாளர்கள் எல்லாரும் மீட்டரில் கேட்க ஆரம்பித்து ரொம்ப நாளாகியும் மாஸ்டரின் முகத்துக்காகப் பொறுத்திருந்தார். ஆனால் ஒரு லாரிக்காரர் பன்னிரண்டு மீட்டர் மூடுதுணி கேட்டபோது, ஒரு மீட்டர் என்றால் மூன்றடிதானே என்று மாஸ்டர் முப்பத்தாறு அடி வெட்டிக் கொடுத்துவிட்டார். மூன்றடிக்கு மேல் குறைந்துபோய், லாரியின் பின்பக்கச் சரக்கு சட்டைக்கு அடங்காத தொப்பை மாதிரி துருத்திக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தது. அதற்குப் பிறகு மேனேஜரம்மாவால் என்ன செய்ய முடியும்? நோட்டீஸ் ஒட்டினார். ஒன்றாம் தேதி முதல் அடி, இஞ்சு கிடையாது. பழைய டேப்புகள் அத்தனையும் ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும். ஸ்டோர் முத்திரை குத்திய அளவு மட்டுமே செல்லும்.

ஸ்டோருக்கு அதிகாரி மச்சான். பட்டறையில் அவனுக்குப் பேர் 'பாயிண்ட்'. முக்கால் கிளாஸ் டீ என்று சொல்லமாட்டான். பாயிண்ட் ஏழு அஞ்சு கிளாஸ் என்பான். வயதைக் கேட்டால் நாற்பத்தொன்று பாயிண்ட் ஐந்து என்பான். பழைய டேப்புகளை இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

டீ நேரத்தில் மாஸ்டர் பொங்கினார். "அடின்னா காலு. இஞ்சுன்னா கட்டைவிரலு. எல்லாம் உடம்புலயே இருக்கு. சென்டிமீட்டர் எங்கடா இருக்கு? காட்டுடா பாப்போம்!"

"உங்க காலு எட்டரை இஞ்சுதான் அத்தான்," என்றான் மச்சான். "செருப்பு வாங்கிக் குடுத்தவன் நான். ஒரு அடிக்கு மூணரை இஞ்சு கடன் வாங்கித்தான் நிக்கறீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டருக்குப் பிடிவாதம், வேறொன்றுமில்லை என்று நினைத்தார்கள். அவரும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஏனென்றால் உண்மைக் காரணம் வெளியே சொல்லும்படி இல்லை.

மாஸ்டர் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தது துணிதான். துணியை மடித்தால் பாதி, இன்னொரு மடி மடித்தால் கால், இன்னொரு மடிக்கு அரைக்கால். இஞ்சும் அப்படித்தான் மடியும். இந்தப் புது டேப்பின் நூறை மடித்தால் ஐம்பது, சரி. இன்னொரு மடி, இருபத்தைந்து, அதுவும் சரி. அடுத்த மடிக்குப் பன்னிரண்டு பாயிண்ட் ஐந்து என்று பல்லைக் காட்டுகிறது. பாயிண்டை எப்படி மடிப்பது? வீட்டுக் குளியலறையில் தாழ் போட்டு, மனைவிக்குக் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு, புது டேப்போடு மூன்று நாள் மல்லுக்கட்டினார். மூன்று நாளும் தோற்றார். வெளியே வரும்போது தலை காய்ந்தே இருந்தது. அவள் துண்டை மட்டும் நீட்டினாள்.

மேனேஜரம்மா அவரைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "மாஸ்டர், வர்ற வியாழக்கிழமை ஆஸ்பத்திரி வாசல் கூரை. பதினாறு மீட்டர். இரும்புச் சட்டம் ஏற்கெனவே நட்டாச்சு. ஒரு சென்டி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சரியா வெட்டிட்டீங்கன்னா மேசை உங்களோடது. இல்லேன்னா... சலவைக் கொட்டகைக்குத்தான் உங்கள மாத்தணும்."

சலவைக் கொட்டகை ஊரின் மறுகோடியில். பழைய மூடுதுணிகளைத் தேய்த்துக் கழுவும் இடம். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். வேலை கடினம் என்பது மாஸ்டருக்குப் பெரிதில்லை. துணியோடு தன்னையும் சேர்த்துத் தேய்க்கச் சொன்னாலும் தேய்ப்பார். ஆனால் அங்கே நிமிர்ந்து பார்த்தால் எதிரே சுவர்தான் இருக்கும். இங்கே நூல் அறுந்து அவள் புருவத்தைத் தூக்கும்போது யார் பார்ப்பார்கள்?

திங்கட்கிழமை புது அடையாள அட்டைக்காக எல்லாரையும் உயரம் அளந்தார்கள். ஸ்டோர் நிலைப்படியில் வரிசையாக நிற்க வைத்து அளந்தவன் மச்சான். மாஸ்டருக்கு, "நூத்தி அறுபத்தேழு பாயிண்ட் ஆறு" என்றான்.

"அந்தப் பாயிண்ட நீயே வெச்சுக்க," என்றார் மாஸ்டர்.

அடுத்தது அக்கா. மச்சான் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான். மறுபடியும் பார்த்தான். "நூத்தி அறுபது."

"பாயிண்ட்?" என்று நாலைந்து பேர் ஒரே குரலில் கேட்டார்கள்.

"பாயிண்டே இல்ல. சுத்தம்." அவன் முகத்தில் லேசான ஏமாற்றம்.

மாஸ்டர் போட்ட சத்தத்தில் தெருவில் போன லாரிகள் எல்லாம் ஓரங்கட்டி நின்றன. "அஞ்சடி மூணு இஞ்சுடா என் பொண்டாட்டி! நானே அளந்தவன்! இருபத்தாறு வருஷமா அஞ்சடி மூணா இருந்தவள என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம நூத்தறுபதா மாத்திட்டானே!"

"நான் அதே ஆள்தாங்க," என்றாள் அவள். "ஒண்ணும் வளந்துடல. வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பஸ்ஸில் மாஸ்டர் வாயைத் திறக்கவில்லை. அதுவே ஊருக்கு அதிசயம். நூற்றறுபது, நூற்றறுபது என்று அந்த எண் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கையில் வேறு வேலை இல்லாததால் பழக்கதோஷத்தில் அதை மடித்துப் பார்த்தார். எண்பது. அட. இன்னொரு மடி, நாற்பது. இன்னொன்று, இருபது. அவருக்கு வேர்த்தது. பத்து. கடைசி மடியைப் பயந்துகொண்டே மடித்தார்.

"அஞ்சு!" என்று கத்தினார். டிரைவர் பிரேக்கை அழுத்திவிட்டார்.

"என்னங்க ஆச்சு?"

"உன்ன மடிக்கலாம்டி! ஒரு பாயிண்ட் இல்லாம அஞ்சு தடவ மடிக்கலாம்!"

"பஸ்ல வெச்சு என்ன பேச்சு இது," என்று அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். முன் சீட்டில் இருந்த இருவர் திரும்பிப் பார்த்து, தாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தத்தில் இறங்காமலே போனார்கள்.

அன்று சாயங்காலம் அவளை வீட்டுக் கதவோரம் நிற்க வைத்து, கித்தான் ஓரத்திலிருந்து கிழித்த நாடா ஒன்றை உச்சந்தலை முதல் குதிகால் வரை பிடித்து வெட்டினார். அதை மடித்தார். விரித்தார். மடிப்புக்கு மடிப்பு சாக்பீஸால் கோடு போட்டார். நூறு மடியாத இடத்திலெல்லாம் அவள் மடிந்து கொடுத்தாள். அவர் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு, பரிசு வாங்கியவர் மாதிரி வீட்டுக்குள்ளேயே நடந்தார்.

"பத்துத் தடவ என்னை வெச்சா பதினாறு மீட்டர் வந்துடுது," என்றாள் அவள், அரிசி களைந்துகொண்டே. பிறகு திரும்பிப் பார்க்காமல், "நாளைக்காவது தலைய நனைச்சுக் குளிங்க," என்றாள்.

மாஸ்டர் நாடாவைச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்தார். நெஞ்சுப் பக்கப் பையில்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணி. கித்தானைத் தரையில் உருட்டி விரித்திருந்தார்கள். பட்டறை மொத்தமும் மிஷினை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றது. மேனேஜரம்மா கையில் காகிதம். மச்சான் புது டேப்பை நீட்டினான். மாஸ்டர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, மந்திரவாதி புறாவை எடுப்பதுபோல் பையிலிருந்து நாடாவை எடுத்தார்.

"இது என்ன அத்தான்?"

"நூத்தி அறுபது சென்டிமீட்டர்."

"ஸ்டோர் முத்திரை எங்க?"

"முத்திரையா? உங்க அக்கா நீளம்டா இது!"

"யார் நீளமா இருந்தாலும் முத்திரை இல்லாத அளவு செல்லாது." அவன் அதை வாங்கி, இரும்புப் பெட்டியில் போட்டு, பூட்டி, 'நாடா, ஒன்று' என்று ரசீதும் எழுதிக் கொடுத்தான். சட்டம் என்று வந்துவிட்டால் அவனுக்கு அக்காவும் இல்லை, அத்தானும் இல்லை.

மாஸ்டர் புது டேப்பை எடுத்தார். அதிலிருந்த கோடுகள் எறும்புக் கூட்டம் மாதிரி ஊர்ந்தன. குனிந்தார். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் கையில் சாக்பீஸ் ஒடிந்து யாரும் பார்த்ததில்லை. அவர் நிமிர்ந்து எதிரே மிஷினைப் பார்த்தார். அவள் அங்கே இல்லை.

செருப்பைக் கழற்றிவிட்டு, கொண்டையை அவிழ்த்தபடி வந்துகொண்டிருந்தாள்.

"நாடாதானே செல்லாது?" என்றாள். "அசல் வந்திருக்கேன்." அடையாள அட்டையை மேனேஜரம்மாவிடம் நீட்டினாள். "படிங்கம்மா. உயரம் என்ன போட்டிருக்கு?"

"நூத்தி அறுபது சென்டிமீட்டர்."

"அளந்தது யாரு? கீழ கையெழுத்து யாரோடது?"

மேனேஜரம்மா மச்சானைப் பார்த்தார். மச்சான் தரையைப் பார்த்தான்.

"முத்திரை?"

"ஸ்டோர் முத்திரை இருக்கு," என்றார் மேனேஜரம்மா. உதட்டைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். திரும்பி வரும்போது கண்ணில் தண்ணீர். "சட்டப்படி செல்லும் மாஸ்டர். அளங்க."

அவள் கித்தான் மேல் படுத்தாள். மாஸ்டர் அவள் தலைமாட்டில் ஒரு கோடு, கால்மாட்டில் ஒரு கோடு போட்டார். அவள் எழுந்து, கால்மாட்டுக் கோட்டில் தலையை வைத்துப் படுத்தாள். இரண்டு. மறுபடி. மூன்று.

"மூச்ச இழுத்துப் பிடிக்காத. அளவு மாறும்."

"இழுக்கலங்க. சிரிப்பு வருது."

"சிரிக்காத. நீளமாயிடுவ."

ஐந்தாவது தடவை கோடு போடக் குனிந்தபோது அவர் முகம் அவள் காதருகே இருந்தது. "சலவைக் கொட்டகைக்கு ரெண்டு பஸ்ஸு," என்றார், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும். பேசாம கோடு போடுங்க."

எட்டாவது தடவை படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. "என்ன, எந்திரிக்கலையா?"

"இருங்க. இருபத்தாறு வருஷத்துல வேலை நேரத்துல படுக்கறது இதுதான் முதல் தடவ."

பத்து. மாஸ்டர் கத்தரிக்கோலை எடுத்தார். அவர் வெட்டிய சத்தத்தைக் கேட்டு வெளியே மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. பிறகு மச்சான் முத்திரை குத்திய நீள டேப்பை இந்தக் கோடியில் பதித்து, அந்தக் கோடி வரை நடந்தான். குனிந்தான். கண்ணாடியைப் போட்டான். கழற்றித் துடைத்தான். மறுபடி போட்டான். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அவள் பின்னந்தலையில் ஒட்டியிருந்த நூலை மாஸ்டர் எடுத்துக்கொண்டிருந்தார். மச்சான் தொண்டையில் ஏதோ இறங்கிற்று.

"பதினாறு," என்றான்.

"பாயிண்ட்?" என்றார் மேனேஜரம்மா.

"இல்ல. சுத்தம்."

பட்டறைக் கூரை எழும்பிப் பறந்துபோய் மூன்று தெரு தள்ளி விழுந்தது. மாஸ்டர் கணக்கில் அத்தனை கைதட்டல். மிச்சத் துண்டுகளை முதல் துண்டின் மேல் விரித்து வெட்டினார். அக்கா இணைத்துத் தைத்தாள். ஓரத்தில் கயிறு கோக்கும் பித்தளை வளையம் நாற்பது சென்டிமீட்டருக்கு ஒன்று. 'கால் அக்காவுக்கு ஒரு வளையம்' என்று பட்டறையில் பேரே வந்துவிட்டது. மாஸ்டர் தன் நாடாவுக்கு முறையாக முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். இருவரும் எதிரெதிரே இருந்தபடியே வேலை பார்த்து, ஒரே நாளில் ஓய்வு பெற்றார்கள்.

மச்சான் மட்டும் அன்றிலிருந்தே மாறிவிட்டான். "அத்தான் டேப்லதான் அளந்தாரு. அக்கா ஓரமா டீ குடிச்சிட்டிருந்தா," என்பான். மாஸ்டர் வாதாடிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒரு வருஷம் பேசாமலே இருந்து பார்த்தார். ம்ஹூம்.

போன செவ்வாய்க்கிழமை அக்காவின் முழங்கால் வலிக்காக மூன்று பேரும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வாசல் கூரையின் கீழ் பெஞ்சில் உட்கார்ந்ததும், பக்கத்தில் கையில் கட்டுப் போட்டிருந்த மனிதரிடம் மாஸ்டர் ஆரம்பித்துவிட்டார். "மேல பாருங்க. பத்துப் பொண்டாட்டி நீளம்."

"அப்படி ஒண்ணும் நடக்கலீங்க," என்றான் மச்சான்.

நர்ஸ் அக்காவைக் கூப்பிட்டு, வாசலை ஒட்டியிருந்த உயரக் கம்பத்தில் நிற்க வைத்தாள். "நூத்தி அம்பத்தெட்டு," என்று எழுதினாள்.

மாஸ்டர் எழுந்தார். "இல்லம்மா. நூத்தறுபது. இன்னொரு தடவ பாருங்க."

அவள் இன்னொரு தடவை பார்த்தாள். "நூத்தி அம்பத்தெட்டுதான் ஐயா. வயசானா ஒண்ணு ரெண்டு குறையறது சகஜம்."

மாஸ்டர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கட்டுப் போட்டவர், "அப்புறம் என்னாச்சு?" என்று கேட்டார். கதை பாதியில் நின்றது அதுதான் முதல் தடவை. சட்டைப் பையில் இருந்த நாடாவை மேலோடு தொட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டு சென்டிதானங்க," என்றாள் அக்கா, பக்கத்தில் வந்து உட்கார்ந்து. "போனா போகுது."

"எங்க போச்சு?" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

மச்சான் செருமினான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "அத்தான், மேல பாருங்க."

"என்னத்த?"

"அது பதினாறு இல்ல. பதினாறு மீட்டர் ரெண்டு சென்டி." அவன் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்கு அக்கா சிரிச்சா இல்ல, அதுல வந்த ரெண்டா இருக்கும். என் கண்ணால பாத்தேன். சொன்னா உங்கள அனுப்பிடுவாங்க. முழுங்கிட்டேன். கயித்த இழுத்துக் கட்டுனதுல அந்த ரெண்டு யாருக்கும் தெரியல. வாழ்க்கைல நான் விட்ட ஒரே பாயிண்ட் அதுதான். கதைய ஒத்துக்கிட்டா, யாராவது ஏறி அளந்து பாத்துடுவாங்களோன்னு பயம்."

மாஸ்டர் நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

"அக்காவோட ரெண்டு சென்டி எங்கயும் போகல," என்றான் மச்சான். "அங்கதான் இருக்கு."

அக்காவும் மேலே பார்த்தாள். புருவத்தைத் தூக்கினாள். மாஸ்டர் அதைப் பார்த்தார்.

கட்டுப் போட்ட மனிதர் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ, பொண்டாட்டிய படுக்க வெச்சு அளந்தது நிஜந்தானா?"

"நிஜந்தாங்க," என்றான் மச்சான். "பத்துத் தடவ. நான் அங்கதான் நின்னேன்."